உப்புநீர் ஊசி

ஃபான் யுன்ஷியாவின் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது ஒரு விசாரணை அறிக்கையில். பதினாறாம் பக்கம், மூன்றாவது பத்தி: "உதவியாளர் ஃபான் யுன்ஷியா பூச்சை உரிய நேரம் சூடாக்காமல் விட்டதே பிழைக்குக் காரணம் எனத் தெரிகிறது." அவள் இழுத்துக் கொடுத்த கண்ணாடி ஊசிகளை வைத்துப் பேராசிரியர் கோங் நான்கு வருடத்தில் ஏழு கட்டுரைகள் எழுதியிருந்தார். ஏழிலும் அவள் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் வரியில், மைக்ராஸ்கோப்பைப் பழுது பார்த்த கம்பெனிக்குக்கூட இடம் இருந்தது. அவளுக்கு இல்லை.

அந்தப் பதினாறாம் பக்கத்து வரிக்குச் சாட்சி சொன்னவள் நான். என் பெயர் லோ மெய்ச்சு. சின்ச்சு நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்கிறேன். புற்றுநோய் செல்களுக்குத் தினமும் ஊட்டம் ஊற்றி, பழையதை உறிஞ்சி எடுத்து, சாகாமல் காப்பாற்றிக் கொடுப்பது என் வேலை.

யுன்ஷியா எங்களிடம் வரும்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அதற்கு முன் சிப் தொழிற்சாலையில் பத்து வருடம் இருந்தவள். கை நடுங்காது, பேச்சு குறைவு. சாப்பாட்டுப் பெட்டியில் முதலில் சோற்றை முடித்துவிட்டு, வறுத்த கறித்துண்டைக் கடைசிக்கு வைத்திருந்து தின்பாள். கண்ணாடிக் குழாயை லேசரில் சூடாக்கி இழுத்தால் நடுவில் அறுந்து இரண்டு ஊசி கிடைக்கும். அதன் வாய் ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட ஊசியால் ஒரே ஒரு செல்லைக் குத்தி, மருந்தை உள்ளே விட்டு, அந்தச் செல் அதன்பின் என்ன செய்கிறது என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரே மருந்துக்குப் பத்தாயிரம் செல் சாகும், ஒன்று மட்டும் பிழைத்துக்கொள்ளும். அந்த ஒன்று எப்படிப் பிழைத்தது என்று அதையே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் கோங்கின் திட்டம். நல்ல திட்டம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஊசியின் நுனி மைக்ராஸ்கோப்பிலும் கண்ணுக்கு அகப்படாது. அதனால் அதன்மேல் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தைப் பூசி ஓவனில் வைத்து எடுப்பார்கள். மருந்திலும் பச்சை சாயம் ஒட்டியிருக்கும். செல் பச்சையானால் மருந்து உள்ளே போய்விட்டது என்று கணக்கு. இரண்டுக்கும் ஏன் ஒரே நிறம் என்று யுன்ஷியா முதல் மாதமே கேட்டாள். அப்போது எங்களிடம் இருந்தது பழைய மைக்ராஸ்கோப், பச்சையை மட்டும்தான் காட்டும். புதியது வந்தபோது இரண்டு கட்டுரை வெளிவந்திருந்தது. பிறகு நிறத்தை மாற்ற யாருக்கு மனம் வரும்?

மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"மெய்ச்சு அக்கா, ஒரு நிமிஷம் வாங்க. இந்த ஊசியில மருந்து இல்ல."

"பின்ன என்ன இருக்கு?"

"வெறும் உப்புத்தண்ணி. நான்தான் ரொப்புனேன். இப்ப செல்லப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். செல் விளக்குப் போட்டதுபோல் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"இது எப்படி?"

"நான் பூசுற சாயம்தான் அக்கா. குத்தும்போது உதிர்ந்து உள்ள போவுது. மூணு வருஷமா எல்லாரும் மருந்துன்னு பாத்தது என் பெயிண்ட்டத்தான்."

அதே ஊசியைத் தூக்கிக்கொண்டு கோங்கிடம் போனாள். கதவு திறந்திருந்தது, எனக்குக் கேட்டது.

"உன்ன யாரு உப்புத்தண்ணி ரொப்பச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். சும்மா பாத்தேன்."

"சும்மா பாக்கறதுக்கு இங்க ஆள் வைக்கல யுன்ஷியா. உனக்கு ஊசி இழுக்கத் தெரியும். நல்லாவே இழுக்கற. அதுக்கு அர்த்தம் என்னன்னு பாக்கற வேலைய எங்ககிட்ட விட்டுடு."

அவள் விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். கோங் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய ஆராய்ச்சி மாணவன் ஷென் காய் அதற்குத் தொழில்நுட்பத் தலைவன் ஆனான்.

அடுத்த வருடம் ஒசாகாவிலிருந்து ஒரு கடிதம், பிறகு சியோலிலிருந்து ஒன்று. உங்கள் சோதனையை நாங்கள் செய்தால் வரவில்லையே என்று. பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தது. கோங் அவர்களிடம் ஓவன் பதிவேட்டைக் காட்டினார். எல்லா வரியிலும் யுன்ஷியாவின் கையெழுத்து. கொள்கையில் தவறில்லை, பூச்சு சரியாக வேகவில்லை, ஆள் கவனக்குறைவு, இனி ஊசிகளை வெளியே வாங்குவோம் என்றார்.

என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள். "ஃபான் ஊசித் தட்ட ஓவன்லேர்ந்து நேரத்துக்கு முன்னாடி வெளிய எடுத்து நீங்க பாத்ததுண்டா?"

"ஒண்ணு ரெண்டு தடவ" என்றேன்.

உண்மையில் ஒரு தடவை. புயல் எச்சரிக்கை வந்து, எல்லோரும் மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகச் சொன்ன நாள். அந்தத் தட்டைக்கூட அவள் மறுநாள் குப்பையில் போட்டுவிட்டாள். உப்புநீரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜனவரியில் என் வேலை ஒப்பந்தத்தில் கோங் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அவள் அலமாரியைக் காலிசெய்துகொண்டு போகும்போது நடைபாதையில் என் எதிரில் நின்றாள்.

"ஒரு தடவ அக்கா. ஒரே ஒரு தடவ. ரெண்டாவது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி அவளுடைய புருஷன் ஆகுய் சொல்லித் தெரிந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன். என் ஸ்கூட்டரை வேறு கடைக்குக் கொண்டுபோக வெட்கப்பட்டு, அங்கேயே கொண்டுபோனேன். அங்கே போகாமல் இருக்கத்தான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த அறிக்கையின் பதினாறாம் பக்கத்தை அவள் கிழித்து, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாளாம். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் படிப்பாளாம். "எனக்கு ஒரு பீர் எடுக்கணும்னாகூட அந்த கோங் மூஞ்சில முழிச்சுட்டுத்தான் எடுக்கணும்" என்றான் ஆகுய்.

நான்கு மாதத்தில் பக்கத்து ஊரான சுபெய்யில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி லியாவையும் சேர்த்து ஆறே பேர். ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடி ஊசி செய்து அனுப்புகிறவர்கள். கோங்கின் ஆய்வுக்கூடம் இப்போது ஊசி வாங்குவது அவர்களிடம்தான். பூச்சு முறையும் கோங் கொடுத்ததே, அதே உதிரும் சாயம். அவள் அது தெரிந்துதான் அங்கே போனாள். எதற்காக வந்திருக்கிறாள் என்று லியாவுக்குத் தெரியாது.

சேர்ந்த மூன்றாம் வாரம், வாய் சில்லு உடைந்த நாற்பது ஊசிகள் அவள் மேஜைக்கு வந்தன. கழித்துக்கட்ட வேண்டியவை. பக்கத்திலேயே கோங்கின் பெயர் ஒட்டிய காலிப் பெட்டி. அந்த நாற்பதையும் அதில் அடுக்கி, மூடி, வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டாள். சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"அனுப்பு" என்றான் ஆகுய். "இன்னும் நாலு ஒடச்சு வேணா தரேன், அதையும் சேத்து அனுப்பு. இல்லேன்னா சொல்லு, அந்தாளு கார் டயர் நாலையும் நான் பாத்துக்கறேன்."

"வேற டயர மாட்டிட்டுப் போயிடுவான்."

"அப்ப இத அனுப்பு."

"இத அனுப்புனா அவனுக்கு லாபம். ஊசி கெட்டுப்போச்சு, அதான் வரலன்னுவான். போன தடவயும் அதத்தான சொன்னான்? நானே அவன் கையில எடுத்துக் குடுக்கணுமா?"

"பின்ன என்னதான் பண்ணப் போற?"

"நல்ல ஊசி குடுக்கப் போறேன்" என்றாளாம். "உலகத்துல ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாத ஊசி. அப்புறம் எதக் காட்டித் தப்பிப்பான்னு பாக்கறேன்."

ஆகுய்க்கு அது பிடிபடவில்லை. "பழிவாங்கற ஆளுக்கு யாராவது நல்ல சாமான் குடுப்பாங்களா, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டான். எனக்குப் புரிந்தது.

பதினோரு மாதம் அதற்கே உட்கார்ந்தாள். சாயத்தைக் கண்ணாடியின்மேல் பூசாமல், கண்ணாடியோடு பிணைக்கும் வழியைத் தேடினாள். நுனி ஒளிரும், ஆனால் துளி உதிராது. ஊசி உதிர்க்காவிட்டால், மருந்து உள்ளே போனால்தான் செல் பச்சையாகும். கோங்கின் மருந்தோ பெரிய மூலக்கூறு. அந்தச் சின்ன வாயில் அது அடைத்துக்கொண்டு நின்றுவிடும் என்று அவளுக்கு வெகுநாளாகவே சந்தேகம். லியாவ் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டார். இப்படி உழைக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. எதற்காக உழைத்தாள் என்று அவர் கேட்கவும் இல்லை.

ஒளித்து எதையும் செய்யவில்லை அவள். அதுதான் அவளுடைய கொடூரம். பூச்சு மாற்றப்பட்டிருக்கிறது, புதியது உதிராது என்று கோங்குக்குக் கடிதமே அனுப்பினாள், லியாவ் கையெழுத்தில். சம்மதமா என்று கீழே ஒரு கோடு போட்டிருந்தாள். கோங் படிக்காமலே அந்தக் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். 'உதிராது' என்ற சொல்லுக்கு நேர் கீழே அவர் பெயர்.

நவம்பரில் கோங்கின் கம்பெனி ஒரு காட்சி ஏற்பாடு செய்தது. தைபேயிலிருந்து முதலீட்டாளர்கள் ஐந்து பேர், பெரிய மருத்துவமனையிலிருந்து டாக்டர் வென் என்ற புற்றுநோய் மருத்துவர். அறுபது வயதுக்குமேல் இருக்கும், கறாரான அம்மாள். அந்தப் பருவத்துக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஷென் காய் காலையிலேயே மைக்ராஸ்கோப்பின் தலைமேல் பச்சை உறை நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்றை வைத்தான், இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பது. காலாவதி தேதியை இரண்டு தடவை சரிபார்த்தான். "தேதி போனத வச்சா மெஷினுக்குக் கோவம் வரும்" என்று சிரித்தான்.

முக்கியமான சோதனைக்குப் புது ஊசி அன்றன்றே வரும்; புதுப் பூச்சு போட்டது வந்தது அன்றுதான் முதல் தடவை. அன்று பெட்டியைக் கொண்டுவந்தவள் யுன்ஷியா.

கோங் ஒரு நொடி தடுமாறினார். விருந்தாளிகள் பக்கத்திலேயே நின்றார்கள்.

"அட, யுன்ஷியா! நல்ல எடத்துல வேல கெடச்சுதா?"

"ஒங்க புண்ணியம் சார்."

"இருந்து பாத்துட்டுப் போயேன்."

"அதுக்குத்தான சார் வந்தேன்."

பெட்டியோடு ஒரு தாள் கொடுத்தாள். இருபது ஊசி, இருபதுக்கும் வாயின் அளவு, பூச்சின் சோதனை, கீழே அவள் கையெழுத்து. ஷென் காய் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெரிய திரையில் என் செல்கள். முதல் ஊசி இறங்கியது. நுனி மட்டும் பச்சைப் புள்ளியாக மின்னியது. குத்தியாயிற்று. செல் இருட்டாகவே இருந்தது. இரண்டாவது, இருட்டு. ஐந்தாவதில் முதலீட்டாளர் ஒருவர் கைபேசியை எடுத்தார். பத்தாவதில் ஷென் காயின் கழுத்தெல்லாம் வேர்வை. யுன்ஷியா சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் திரையைப் பார்க்கவேயில்லை. கோங்கின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கணமும் வீணாக்காமல்.

"ஊசியில ஏதோ கோளாறு" என்றார் கோங்.

"அந்தத் தாள எடுங்க ஷென் காய்" என்றாள் அவள். "பையில வச்சிருக்கீங்களே, அத. இருபதையும் அளந்து குடுத்திருக்கேன். இதோ, பூச்சு மாத்தினதுக்கு சாரே சம்மதம் போட்டு அனுப்புன கடுதாசி. ஊசியில என்ன கோளாறு? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

டாக்டர் வென் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "அப்ப இத்தன நாளா எப்படி ஒளிர்ந்துச்சு?"

"பழைய ஊசி ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க டாக்டர். மருந்து வேணாம். உப்புத்தண்ணி ரொப்பிக் குத்தச் சொல்லுங்க."

"பழசெல்லாம் தூக்கிப் போட்டாச்சு" என்றார் கோங்.

போடவில்லை. செல் அறை அலமாரியில் மூன்றாவது அடுக்கில் ஒரு தட்டு நிறையப் பழைய ஊசி இருந்தது. நான் எழுந்தேன். கோங் என்னைப் பார்த்த பார்வையில், ஜனவரியும் ஒப்பந்தமும் எல்லாமும் இருந்தன. நான் போய்த் தட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். ஏன் எடுத்துவந்தேன் என்று கேட்டால், யுன்ஷியா அப்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்ததுதான் காரணம். நான் எடுத்துவரமாட்டேன் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

உப்புநீரை டாக்டர் வென்னே ஊசியில் ஏற்றினார். ஷென் காய் குத்தினான். செல் பச்சையாக ஒளிர்ந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"எவ்ளோ நல்லா வேல செய்யுது பாருங்க சார் ஒங்க மருந்து" என்றாள் யுன்ஷியா. சத்தமே போடவில்லை. "போன தடவ நான் காட்டினப்ப ஒரு செல்லுதான். இன்னிக்கு மூணு."

அவள் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ரசீதில் ஷென் காயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

முதலீட்டாளர்கள் அன்று மத்தியானமே போய்விட்டார்கள். கட்டுரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. கோங் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். ஷென் காயின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இப்போது தாய்ச்சுங்கில் மாமனாரின் வீட்டுமனைத் தொழிலில் இருக்கிறான். பாவம், அவன் சின்னப் பையன்தானே என்று யாரோ சொன்னபோது யுன்ஷியா, "மெஷின்ல ஒக்காந்திருந்தவன் அவன். கண்ணு இருந்துச்சுல்ல?" என்றாளாம்.

பல்கலைக்கழகம் அவளுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். கடிதம் வேண்டாம், திருத்தம் அதே அறிக்கையில், அதே பதினாறாம் பக்கத்தில், அதே எழுத்து அளவில் வேண்டும் என்றாள். அப்படி வழக்கம் இல்லை என்றார்கள். வாராவாரம் வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தாள். நான்கு மாதம். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நிதானமாகத் தின்பாள். கடைசியில் அறிக்கையை மாற்றி அச்சடித்தார்கள். ஆகுய் சொன்னான், அந்தப் பக்கம் வந்தபிறகும் குளிர்பெட்டியிலிருந்து பழையதை அவள் எடுக்கவில்லையாம். புதியதைப் பக்கத்தில் ஒட்டிவிட்டாளாம். "இப்ப பீர் எடுக்க ரெண்டு பக்கம் படிக்கணும்" என்றான்.

அந்த வருடக் கடைசியில், புத்தாண்டுக்கு முன்னால், நான் அவள் வீட்டுக்குப் போனேன். நல்ல தேயிலையாக ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கீழே இருக்கும் ஆகுயின் கடைக்குள், ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்றே பேசினாள். உட்காரச் சொல்லவில்லை.

"என்ன விஷயம் லோ மேடம்?"

"யுன்ஷியா, அன்னிக்கு நான்..."

"என்னிக்கு? தட்டு எடுத்துட்டு வந்த அன்னிக்கா? நீங்க எடுத்துட்டு வரலன்னா நானே போய் எடுத்திருப்பேன். எந்த அலமாரின்னு எனக்குத் தெரியாதா?"

"நான் பயந்துட்டேன். என் நெலம அப்படி."

"எனக்கு மட்டும் என்ன, வீட்டுல தங்கச் சுரங்கமா இருந்துச்சு?" குரல் அப்போதும் உயரவில்லை. "கோங் பொய் சொன்னான். அவனுக்கு அதுல வாழ்வு. ஒங்களுக்கு ஒண்ணு சொன்னா போதும், நீங்க ரெண்டு சொன்னீங்க. அந்த ரெண்டாவத யாருமே கேக்கல மேடம். நீங்களாப் போட்டது."

கடை மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து, ஒரு ஸ்கூட்டர் இருக்கையின்மேல் வைத்தாள். எழுதச் சொன்னாள். ஒரு தடவைதான் பார்த்தேன், புயல் நாள், அந்தத் தட்டு பயன்படுத்தப்படவில்லை, உப்புநீர் சோதனையை நான் கண்ணால் பார்த்தேன், சொல்லாமல் மறைத்தேன். எழுதினேன். 'சொல்ல மறந்தேன்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "மறக்கல" என்றாள். அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல" என்றாள். "பத்திரமாப் போங்க, காத்து பலமா இருக்கு."

தேயிலை டப்பாவை மறுநாள் ஆகுய் பல்கலைக்கழக வாசலில் கொண்டுவந்து கொடுத்தான். பிரிக்கவே இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நான் குடிச்சிருப்பேன்" என்றான்.

இப்போது டாக்டர் வென்னின் மருத்துவமனையோடு சேர்ந்து வேறொரு குழு அதே வேலையைச் செய்கிறது. வாயைக் கொஞ்சம் அகலமாக்கிய ஊசி, உதிராத பூச்சு, மருந்துக்குச் சிவப்பு, நுனிக்குப் பச்சை. நாற்பது செல் குத்தினால் மூன்றில்தான் மருந்து இறங்குகிறது. ஆனால் அந்த மூன்றும் நிஜம். அவர்களுடைய முதல் கட்டுரையில் ஆறாவது பெயர் ஃபான் யுன்ஷியா. அவர்களுக்கும் செல் வளர்த்துக் கொடுப்பது நான்தான். ஊசி தீரும்போது சுபெய்க்குப் போன் போடுவதும் நானே. எப்போதும் அவள்தான் எடுப்பாள். என் குரலை அவளுக்குத் தெரியும்.

"எத்தன பெட்டி?" என்பாள்.

"ரெண்டு" என்பேன்.

வைத்துவிடுவாள்.